பாளையங்கோட்டை ‘ஆயில்மேன் கடை’: பலகையில் பழைய ஆங்கிலம், அலமாரியில் நல்ல சரக்கு

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில், பச்சை வண்ணம் பூசிய தகரப் பலகையில் ‘ப்ரொவிஷன்ஸ், ஆயில்மேன் ஸ்டோர்ஸ், கன்ஃபெக்ஷனரி, ஸ்வீட்மீட்ஸ், ஏரேட்டட் வாட்டர்ஸ், சண்ட்ரீஸ்’ என்று ஆறு தலைப்புகளை வெள்ளை எழுத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கும் மளிகைக் கடை ஒன்று இன்றும் நல்லபடியாக நடந்து வருகிறது. உரிமையாளர் குடும்பத்தின் பெயரே கடையின் பெயராகவும் இருப்பதால் அதை இங்கே எழுதவில்லை. பஜாரில் ‘ஆயில்மேன் கடை’ என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மாதச் சாமான் முழுவதையும் ஒரே இடத்தில் வாங்கிவிட நினைப்பவர்களுக்கு இது ஏற்ற கடை அன்று. ஆனால் ரஸ்க், மக்ரூன், வினிகரில் ஊறிய காய்கள், கூவைக்கிழங்கு மாவு, கருப்பட்டி ஆகியவற்றுக்கு நெல்லையிலும் பாளையிலும் நான் முதலில் கைகாட்டும் கடை இதுதான். பலகையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கடைக்குள் தனி அலமாரியும், அந்தச் சரக்கைக் கெடாமல் வைக்கும் முறையும் இன்றுவரை இருப்பதே அதற்குக் காரணம்.

பலகையைப் பழம்பொருளாகக் கருதிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அதைப் படித்துச் சரக்கு வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது இன்றைக்கும் உதவும் என்று சொல்லவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பழைய ஆங்கிலக் கடைத்தெருவில் உணவுப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் இல்லை. ஒரு பண்டம் எத்தனை காலம் தாங்கும், அதை எந்த வணிகர் விற்பார், அது சூளையில் வெந்ததா, புட்டியில் அடைத்ததா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறியது. ‘ப்ரொவிஷன்ஸ்’ என்பது வரப்போகும் தேவையை எண்ணி முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பண்டங்களைக் குறித்தது. கப்பலேறுகிறவர்களும் படையோடு போகிறவர்களும் மூட்டை கட்டிக்கொண்ட மாவும் பருப்பும் உப்பிட்ட இறைச்சியும் அதில் அடங்கும். ‘க்ரோசர்’ என்பவர் மொத்தமாகக் கொள்முதல் செய்து விற்றவர். லண்டனில் அவர்களுடைய வணிகர் சங்கம் 1345-இல் அமைந்தது. அதற்கு முன்னோடி 1180-ஆம் ஆண்டளவிலேயே இருந்த மிளகு வணிகர் சங்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு அந்த நகரத்து மளிகைத் தொழிலுக்கே அடிக்கல்லாக இருந்திருக்கிறது என்பது, அந்த மலையின் கிழக்கு அடிவாரத்தில் வாழும் நமக்கு நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

‘ஆயில்மேன் ஸ்டோர்ஸ்’ என்ற தலைப்புத்தான் புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிறது. எண்ணெய்க் கடை என்று எண்ணி, நல்லெண்ணெய் வாங்கத் தூக்குவாளியோடு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஆயில்மேன் எனப்பட்டவர் எண்ணெய் வகைகளோடு ஊறுகாய், சாஸ், வினிகர் முதலியவற்றையும் சேர்த்து விற்றவர். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தபோது அந்தச் சொல் எண்ணெயை ஏறக்குறைய விட்டுவிட்டு, புட்டியிலும் டின்னிலும் அடைத்து வந்த ஊறுகாய், ஜாம், சாஸ், பதப்படுத்திய பழம், மீன் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயராக நிலைத்தது. இக்கடையில் இடப்புறச் சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரி முழுவதும் அந்தச் சரக்குத்தான்.

அந்த அலமாரியில் தவறவிடக் கூடாதது வினிகரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயம். தோல் உரித்த வெங்காயத்தை ஓர் இரவு உப்பில் வைத்து, வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, முழு மிளகும் கீறிய பச்சை மிளகாயும் இட்டுக் காய்ச்சிய வினிகரை ஆறவிட்டு ஊற்றுகிறார்கள். உப்பில் வைக்கும் அந்த ஓர் இரவுதான் இதன் தரத்தை நிர்ணயிக்கிறது. வெங்காயத்தில் உள்ள நீர் வெளியேறாவிட்டால் வினிகர் நீர்த்துப்போய்க் காய் தளர்ந்துவிடும். இங்கே வாங்கும் புட்டியில் கடைசி வெங்காயம்வரை கடிக்கும்போது நொறுக்கென்ற ஓசை கேட்கிறது. நம் வீட்டு நார்த்தங்காய், மாவடு ஆகியவற்றோடு இதை ஒப்பிட வேண்டியதில்லை. உப்பும் வெயிலும் கொண்டு காப்பது நம் முறை. புளிப்பேறிய திரவத்தைக் கொண்டு காப்பது அவர்கள் முறை. தயிர்ச்சோற்றுக்கு நார்த்தங்காயும், பரோட்டாவுக்கும் பொரித்த கோழிக்கும் இந்த வெங்காயமும் பொருந்தும் என்பது என் தீர்ப்பு.

வினிகரில் மட்டும் கவனம் தேவை. பழச்சாற்றைப் புளிக்கவைத்துச் செய்த வினிகர் வேண்டும் என்று நான் கேட்டபோது, கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் அசெட்டிக் அமிலத்தை நீர்த்துத் தயாரித்த புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டான். செயற்கை வினிகர் என்பதைச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. இந்தப் புட்டியிலும் அது இருந்தது, ஆனால் அலமாரியில் இரண்டு வகையும் கலந்து நின்றன. திருப்பிக் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இருந்தாலும் இவ்வளவு பாகுபாடு தெரிந்த கடையில் அந்த இரண்டும் ஒரே தட்டில் இருப்பது குறைதான். தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும்.

கன்ஃபெக்ஷனரி என்ற தலைப்பின் கீழ் ரஸ்க்கும் பிஸ்கட்டும் மக்ரூனும் இருக்கின்றன. பிஸ்கட் என்ற சொல்லே இருமுறை வேகவைத்தது என்று பொருள்படும் இலத்தீனிலிருந்து வந்தது. கப்பலில் பல மாதம் கெடாமல் இருக்க வேண்டிய ரொட்டியை ஈரமே இல்லாதபடி உலர்த்தினார்கள். இன்று பொட்டலத்தில் விற்கும் பிஸ்கட் ஒருமுறைதான் சூளைக்குள் போகிறது; பழைய சொல்லுக்கு உண்மையாக இருப்பது ரஸ்க் மட்டுமே. இனிப்பு ரொட்டியைச் சுட்டு, ஒரு நாள் ஆறவைத்து, துண்டு போட்டு, தணிந்த சூட்டில் மீண்டும் வாட்டுகிறார்கள். ஆறவிடாமல் வெட்டினால் துண்டு பிய்ந்துபோகும். சூடு கூடினால் வெளிப்புறம் கருகி உட்புறம் ஈரமாகவே இருந்துவிடும். ரஸ்க் வாங்கும்போது ஒன்றை நடுவில் ஒடித்துப் பார்க்க வேண்டும். ஒடிந்த இடம் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே பொன்னிறமாக இருந்தால் இரண்டாம் சூடு முழுமையாக ஏறியிருக்கிறது. நடுவில் வெளிறிய பட்டை தெரிந்தால் நான்கு நாளில் நமுத்துவிடும். இக்கடை ரஸ்க்கில் அந்த வெளிறிய பட்டையை நான் பார்த்ததில்லை. தேநீரில் நனைத்தால் நனைந்த முனை மட்டும் இளகுகிறது, பிடித்திருக்கும் பாதி விறைப்பாகவே நிற்கிறது. ஏலக்காய் மணம் சற்று மிகுதி. எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மக்ரூன் தூத்துக்குடியிலிருந்து வருகிறது. 1986-வரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர் என்பதால் அதை அயலூர்ச் சரக்காக நாங்கள் எண்ணுவதில்லை. இத்தாலியிலும் பிரான்சிலும் வாதுமைப் பருப்பில் செய்த பண்டத்தின் பெயர் இது. இங்கே வாதுமைக்குப் பதில் முந்திரி. அந்த முந்திரியே போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரை எழும்பி நிற்கும்வரை அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பினால் தட்டில் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் வைத்து உலர்த்துகிறார்கள். நல்ல மக்ரூனின் நுனி விரல் பட்டவுடன் பொடிந்து உதிர வேண்டும். அடிப்பகுதியில் மட்டும் முந்திரியின் பிசுபிசுப்பு சிறிது இருக்கலாம். இதன் எதிரி காற்றில் உள்ள ஈரம். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த மக்ரூன் ஒரு மணி நேரத்தில் பல்லில் ஒட்டத் தொடங்கிவிடும். அதை இக்கடையில் மூடி இறுகிய டின்னில், எண்ணெய்க் காகிதம் விரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை நான் கேட்டபோது, கல்லாவில் இருந்த பெரியவர், “சார்வாள், இன்னைக்கு மக்ரூன் வேண்டாம். இந்த ஈரத்துல டின்னைத் திறந்தா மிச்சமும் நமுத்துப் போயிரும், வீட்டுக்குப் போறதுக்குள்ள உங்களுக்கும் நல்லா இருக்காது. ரஸ்க் கொண்டு போங்க” என்றார். “சரி அண்ணாச்சி” என்று ரஸ்க்கே வாங்கி வந்தேன். விற்கக் கூடிய சரக்கை விற்க மறுக்கும் கடைக்காரரை நம்பலாம்.

ஸ்வீட்மீட்ஸ் என்பதைப் பார்த்துத் தயங்கி, இந்தத் தட்டில் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று ஓர் இளைஞர் விசாரித்ததை நான் அங்கே கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது நியாயமே. பழைய ஆங்கிலத்தில் ‘மீட்’ என்பது உணவு எதற்கும் பொதுவான பெயர். பிற்காலத்தில்தான் அது இறைச்சியாகச் சுருங்கியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் மாவும் எண்ணெயும் கொண்டு படைக்கும் காணிக்கைக்கு ‘மீட் ஆஃபரிங்’ என்றுதான் பெயர். தமிழ் விவிலியம் அதே காணிக்கையைப் போஜனபலி என்கிறது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்து ஆராதனைக்குச் சிறு வயதிலிருந்து போய்வந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பலகை புரியாத ஆங்கிலம் அன்று. அந்த ஆங்கில விவிலியத்தில் ‘கார்ன்’ என்றால் மக்காச்சோளம் அன்று, தானியம். ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்த மகனுக்குரிய உரிமையை) விற்று வாங்கிய ‘பாட்டேஜ்’ நம் வாசிப்பில் பயற்றங்கூழ். பரிமாறிய ஒரு பங்கு உணவைக் குறித்த ‘மெஸ்’ என்ற சொல்லும் அந்நூலில் உண்டு. இன்று நம் ஊரில் சாப்பாடு போடும் மெஸ் அதன் வழிவந்ததே.

இந்தத் தட்டில் அல்வா கிடையாது. அல்வாவுக்கு டவுனுக்கோ ஜங்ஷனுக்கோ போங்கள் என்று அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் (2020-இல் புவிசார் குறியீடு பெற்றது), கருப்பட்டி மிட்டாய், எள்ளுருண்டை ஆகியவை உண்டு. கருப்பட்டி மிட்டாய் மட்டும் வாங்கலாம், மற்றவை எங்கும் கிடைப்பவையே.

கருப்பட்டி பின்கட்டில் ஓலைக் கொட்டானோடு இருக்கிறது. உடன்குடிப் பக்கத்துச் சரக்கு. பங்குனி, சித்திரையில் பதநீர் பெருகும் பருவத்தில் வாங்கி, தரையில் படாமல் மரப் பரண் மேல் அடுக்கி, ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். சர்க்கரை கலந்த கருப்பட்டியை உடைத்தால் உட்புறம் படிகம் படிகமாக மின்னும். இங்கே உடைத்துக் காட்டும் கட்டி மங்கிய பழுப்பு நிறத்தில், நுண்ணிய துளைகளோடு இருக்கிறது. ஆங்கிலேயர் இதற்கு வைத்த ‘ஜாகரி’ என்ற பெயர் போர்த்துகீசியர் வழியாக நம் பக்கத்து மொழிகளிலிருந்து போனதுதான். பலகையில் அச்சொல் இல்லை. கருப்பட்டி, ப்ரொவிஷன்ஸ் என்ற தலைப்பிலேயே அடங்கிவிடுகிறது. கெடாமல் சேர்த்து வைக்கும் பண்டம் என்ற பொருளில் அதுவும் சரியே.

கூவைக்கிழங்கு மாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘ஆரோரூட்’ என்ற பெயரில் நோயாளிக்கும் குழந்தைக்கும் கஞ்சி காய்ச்சிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அப்பெயரில் மரவள்ளி மாவையும் சோள மாவையும் அடைத்து விற்பது சந்தையில் சாதாரணம். இக்கடைக்குக் கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வரும் மாவு உண்மையான கூவை மாவு. வராத மாதங்களில் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள், வேறொன்றை அதே பெயரில் கொடுப்பதில்லை. குளிர்ந்த நீரில் கரைத்துக் காய்ச்சினால் அது கண்ணாடிபோலத் தெளிந்து இறுகுகிறது. விலை மரவள்ளி மாவைவிட மிகவும் கூடுதல். சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு அந்த விலை தகும்.

ஏரேட்டட் வாட்டர்ஸ் என்பது கரியமில வாயுவை அழுத்தி ஏற்றிய நீர், அதாவது நம் சோடாவும் கலரும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி அடைத்த புட்டிதான் கோலி சோடாவாக நம் தெருக்களில் வாழ்ந்தது. பவண்டோ தயாரிக்கும் நிறுவனம் 1916-இல் விருதுநகரில் தொடங்கியது. அதன் பதிவுப் பெயரிலேயே இன்றும் ‘ஏரேட்டட் வாட்டர் ஒர்க்ஸ்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி அட்டவணையும் இந்த வகையை அப்பெயரால்தான் குறிக்கிறது. ஆகவே பலகையில் உள்ள இந்தத் தலைப்பைப் பழையது என்று சொல்லிவிட முடியாது. கடையில் பன்னீர் சோடா நன்றாகக் குளிர்ந்து கிடைக்கும், அவ்வளவே.

சண்ட்ரீஸ் என்ற கடைசித் தலைப்பில் எந்த வகையிலும் அடங்காத சில்லறைப் பொருள்கள்: சாம்பிராணி, திரிநூல், மெழுகுவர்த்தி, ஜவ்வரிசி, கடற்பாசி. இதில் குறிப்பிட ஒன்றும் இல்லை.

கல்லாவுக்குப் பின்னால் துணி அட்டை போட்ட பழைய பேரேடு ஒன்றைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூட போர்டிங்குகளுக்கு மாதந்தோறும் சரக்கு அனுப்பிய காலத்துக் கணக்கு அது. சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் அரிசியும் பருப்பும் ‘விக்சுவல்ஸ்’ என்ற தலைப்பிலும், புட்டிச் சரக்கு ‘ஆயில்மேன் ஸ்டோர்ஸ்’ என்ற தலைப்பிலும், விளக்குத் திரியும் சவுக்காரமும் ‘சண்ட்ரீஸ்’ என்ற தலைப்பிலும் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. விக்சுவல்ஸ் என்று எழுதினாலும் ‘விட்டில்ஸ்’ என்றே ஆங்கிலத்தில் உச்சரிப்பார்கள். உயிர் வாழ வேண்டிய அன்றாட உணவு என்பது அதன் பொருள். எந்தச் செலவு அன்றாடத்துக்கு, எது சேமிப்புக்கு, எது ஆடம்பரத்துக்கு என்பதை அந்தத் தலைப்புகளைப் பார்த்தே மேலாளர் தெரிந்துகொண்டிருப்பார். கேட்டால் பெரியவர் அந்தப் பேரேட்டைக் காட்டுவார். ஈரக் கையோடு தொட வேண்டாம்.

பெரியவரின் மகன் பலகையைக் கழற்றிவிட்டு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கும் எண்ணத்தில் இருக்கிறார். வாடிக்கையாளருக்குப் புரிய வேண்டும் என்ற அவருடைய அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஆறு சொற்களைக் கழற்றிவிட்டு ‘சூப்பர் மார்ட்’ என்று எழுதினால், வினிகர் வெங்காயமும் ஷாம்பூவும் ஒரே அலமாரிக்கு வர அதிக நாள் ஆகாது என்பது என் அச்சம். பழைய பலகையின் கீழேயே ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகத் தமிழில் என்னென்ன கிடைக்கும் என்று எழுதி வைக்கலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இதை வாசித்துவிட்டு அங்கே போகிறவர்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகள் சில உண்டு. கறிப் பொடியை மேற்குச் சன்னலோரம் கண்ணாடிப் புட்டியில் வைத்திருக்கிறார்கள். மாலை வெயில் நேரே விழுவதால் மல்லி மணம் போய் மஞ்சள் வாடை மட்டும் மிஞ்சுகிறது. அதை வாங்க வேண்டாம். கொய்யா ஜெல்லி சில தடவை இறுகாமல் பாகாகவே இருக்கிறது. பில்லைக் கையால் எழுதி இருமுறை கூட்டிப் பார்ப்பதால் மாதத் தொடக்கத்தில் நிற்க நேரம் வேண்டும். மதியம் சாப்பாட்டு வேளையில் கடை அடைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி இல்லை. செல்பேசியில் பணம் செலுத்தலாம். ரஸ்க்கின் விலை பெரிய கடைகளில் பொட்டலத்தில் விற்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், மக்ரூன் தூத்துக்குடி விலையோடு பஸ் செலவையும் சேர்த்த அளவில் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் வேண்டுமானால் கார்த்திகை முடிவதற்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். பிளம் பழம் அதில் இருக்காது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் அப்பெயர் வழங்கியது. திராட்சை, ஆரஞ்சுத் தோல், செர்ரி ஆகியவற்றை வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்கிறார்கள். ரம்மில் ஊறியது, பழச்சாற்றில் ஊறியது என இரண்டு வகை உண்டு என்பதால் எது வேண்டும் என்பதை முன்பணம் கட்டும்போதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அரைக் கிலோவுக்குக் குறைவாகச் செய்வதில்லை. வாங்கி வந்த உடனே வெட்டாமல், காகிதத்தோடு மூடி வைத்து மூன்றாம் நாள் வெட்டினால் துண்டு உதிராது.